பத்தாயிரம் ரூபாயும் பதினோரு வயதுக் கணினியும்

சென்னை,
24-8-2025.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதியது ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுத்த மூன்று பக்கங்களையும் கணினியைப் பற்றிய புலம்பலுக்கே கொடுத்துவிட்டாய் என்பதால், நானும் இந்தக் கடிதம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். பெட்டியைப் போட்டுவிட்டுக் காபி குடித்து, செய்தித்தாளில் தலையங்கம் வரை படித்து முடித்தாலும் திரை தயாராவதில்லை என்கிறாய். உன் ஊர்க் கடைக்காரர் வந்து பார்த்து, "இதன் காலம் முடிந்துவிட்டது, 45,000 ரூபாய்க்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்ததாக நீ எழுதவில்லை. திறக்காமல் சொன்ன தீர்ப்பை நான் ஏற்பதாக இல்லை. நீ ஒதுக்கியிருக்கும் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே இதைச் சரிசெய்யப் பார்க்கலாம்.

2014-இல் நாம் இருவரும் சேர்ந்து ரிச்சி தெருவில் அலைந்து போட்ட கணினி அல்லவா அது? அன்று எழுதிய சீட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. கணக்கிடும் மூளையாக இன்டெல் கோர் ஐ3-4130 பிராசஸர், எல்லாவற்றையும் இணைக்கும் எச்81 மதர்போர்டு, வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமாக 4 ஜிபி ராம், கோப்புகளைச் சேமிக்க 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பழைய தலபுராணங்களையும் சிறுவெளியீடுகளையும் ஸ்கேன் செய்து, சுத்தப்படுத்தி, படத்திலுள்ள எழுத்தைத் திருத்தக்கூடிய உரையாக்கும் எழுத்துணரிக்குக் கொடுத்து, பிழை திருத்துவதுதான் இப்போது உனக்கு அதில் உள்ள வேலை. அந்த வேலைக்கு இந்தப் பெட்டி இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும். எங்கே இழுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி தவிக்கும் நேரத்தில் அதைத் திறந்து, பிராசஸர், நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்றில் எது நூறு விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று பார். பிராசஸர் பத்து இருபதில் சும்மா இருக்க, டிஸ்க் நூறில் முட்டிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். காரணம் எளிது. உன் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல். வேண்டிய தகவல் இருக்கும் தடத்துக்கு ஊசிமுனை நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுழன்று வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு தேடலுக்கும் சராசரியாகப் பன்னிரண்டு மில்லி விநாடி போய்விடுகிறது. இப்படிப் பார்த்தால் விநாடிக்கு நூறு தேடல்கூடத் தேறாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போதோ, சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒரே மூச்சில் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி சிப்புகளில் சேமிப்பது; அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. சாதாரண எஸ்எஸ்டிகூட விநாடிக்குப் பல்லாயிரம் தேடல்களுக்குப் பதில் சொல்லும். ஆகவே உன் பணத்தில் முதல் பங்கு எஸ்எஸ்டிக்குத்தான்.

வாங்கும்போது 2.5 இஞ்ச் சாட்டா வகை, அதாவது கேபிள் வழியாக மாட்டுவது, என்று அழுத்திச் சொல். "அதே விலைக்கு என்விஎம்இ இருக்கிறது, அதைவிடப் பல மடங்கு வேகம்" என்று கடையில் சொல்வார்கள். சொல்வது பொய்யில்லை, ஆனால் கேபிள் இல்லாமல் போர்டிலேயே நேராகச் செருகும் அந்த வகைக்கு உன் போர்டில் இடமில்லை, அடாப்டர் அட்டை போட்டுச் செருகினாலும் அந்தக் காலத்து எச்81 போர்டு பொதுவாக அதிலிருந்து விண்டோஸை எழுப்பாது. மேலும் எச்81 போர்டில் உள்ள சாட்டா முனைகள் எல்லாம் ஒன்றல்ல. இரண்டு 6 ஜிகாபிட் வேகமுடையவை, மற்ற இரண்டு அதில் பாதி. நிறத்தை வைத்து முடிவு செய்யாதே, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நிறம் போடும். முனைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படி. எஸ்எஸ்டியோடு பெரும்பாலும் கேபிள் வராது. அதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். பல ஆண்டுகளாக நீ திறக்காத டிவிடி டிரைவின் கேபிளையே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். பழைய கேபினெட்டில் அதைப் பொருத்தத் தனி இடம் இருக்காது என்று கவலைப்படாதே. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத பொருள் என்பதால் இருபக்க ஒட்டும் நாடாவே போதும்.

இதில் நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய டிஸ்க் 500 ஜிபி, வாங்கிய எஸ்எஸ்டி 480 ஜிபி. இருபது ஜிபி வித்தியாசம்தானே, அப்படியே கிளோன் செய்துவிடலாம், அதாவது டிஸ்க் முழுவதையும் உள்ளது உள்ளபடி நகலெடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிறிய பாத்திரத்தில் பெரியதை ஊற்ற மென்பொருள் மறுத்துவிட்டது. விண்டோஸ் கணக்கில் ஒன்று 465 ஜிபி, மற்றது 447 ஜிபி. பழைய டிஸ்க்கின் கடைசிப் பகுதியைச் சுருக்கிய பிறகே வேலை நடந்தது, அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. உனக்கு நான் சொல்வது, கிளோன் வேண்டாம். பதினோரு ஆண்டுக் குப்பையை எதற்குப் புது வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும்? புதிதாக விண்டோஸ் நிறுவிக்கொள். ஆனால் அதற்கு முன் பழைய டிஸ்க்கிலிருந்து எழுத்துருக்கள் இருக்கும் அடைவை (ஃபோல்டரை) மறக்காமல் நகலெடுத்துக்கொள். நீ அச்சகத்தில் இருந்த நாளில் பாமினி, டேப், டாம் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்து வைத்த கோப்புகள், அந்த எழுத்துருக்கள் இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.

அடுத்தது ராம். உன் வேலைக்கு 4 ஜிபி ஏன் போதவில்லை என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 4960-க்கு 7016 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் அது நினைவகத்தில் 100 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். கோப்பாக வட்டில் இருக்கும்போது ஐந்தாறு எம்பியாகத் தெரிவது சுருக்கப்பட்ட அளவு. திறந்தவுடன் முழு அளவுக்கு விரிந்துவிடும். படத்தைத் திருத்தும் மென்பொருள், முந்தைய நிலைக்குத் திரும்ப வசதியாக ஒவ்வொரு படிக்கும் இன்னொரு நகலை வைத்துக்கொள்ளும். பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் உலாவியில் ஏழெட்டுத் தாவல்களையும் விரித்தால் 4 ஜிபி எந்த மூலைக்கு? நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்குகிறது. ஏற்கெனவே மூச்சு வாங்கும் டிஸ்க்கின் தலையில் இந்தச் சுமையும் ஏறுகிறது.

உன் போர்டில் ராம் செருக இரண்டே இடங்கள். மொத்தமாக 16 ஜிபி வரை ஏற்கும். இருக்கும் 4 ஜிபியை எடுக்காமல் காலியிடத்தில் உன் போர்டு ஏற்கும் டிடிஆர்3 வகை 8 ஜிபி ராம் ஒன்றைச் செருகினால் 12 ஜிபி கிடைக்கும், உனக்கு அது தாராளம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். அந்தச் சிறு ஆதாயத்துக்காக நல்ல நிலையிலுள்ள 4 ஜிபியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. மற்றவற்றைவிடப் பாதி விலைக்கு 8 ஜிபி என்று காட்டும் சில ராம்கள் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசஸருக்கான போர்டுகளில் மட்டுமே வேலை செய்பவை. உன் இன்டெல் போர்டில் செருகினால் திரையே வராது. "இன்டெல் எச்81-இல் ஓடுமா, ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கு.

இனி, நீ ஆசையோடு கேட்டிருக்கும் பிராசஸர். "ஐ7 பழையது நாலாயிரத்துக்குக் கிடைக்கிறதாமே, போட்டுவிடலாமா?" என்று எழுதியிருக்கிறாய். இந்த ஆசை எனக்கும் வந்து போனதுதான். சென்ற ஆண்டு உன்னுடையதைப் போன்ற என் போர்டுக்கு ஐ7-4790 ஒன்றைப் பழையதாக வாங்கி வந்து பொருத்தினேன். மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. 2013-இல் வந்த போர்டின் பயாஸுக்கு (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருளுக்கு) 2014-இல் வந்த பிராசஸரை அடையாளம் தெரியவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. பழைய ஐ3-ஐ மறுபடி பொருத்தி, பயாஸைப் புதுப்பித்து, மீண்டும் ஐ7-ஐ மாட்டினேன். இப்படி ஏற்றி இறக்கும்போது, பிராசஸர் அமரும் சாக்கெட்டின் மெல்லிய கம்பி ஒன்றை வளைத்துவிட்டு, பூதக்கண்ணாடியும் தையல் ஊசியுமாக அரை மணி நேரம் வியர்த்தது தனிக் கதை. இவ்வளவுக்கும் பிறகு, பிழை திருத்துவதிலோ கடிதம் எழுதுவதிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. எழுத்துணரி மட்டும் வேகமாக ஓடியது. அதையும் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போனால் ஐ3-உம் காலைக்குள் முடித்துவிடும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எதை வாங்குமுன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது நாளைக்கு அடுத்த கணினிக்குக் கூட வருமா? எஸ்எஸ்டி வரும். யுபிஎஸ் வரும். வெளியே செருகும் டிஸ்க் வரும். டிடிஆர்3 ராம் வராது. ஆனால் அதன் விலை ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். ஐ7 வரவே வராது, அந்தச் சாக்கெட்டோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். உன் வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டும் தேவையில்லை. யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடு.

கணினி திடீர் திடீரென்று தானாக அணைந்து எழுவதாக எழுதியிருந்தாய். பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு ஒரு நாள் நேராகச் சுவர் பிளக்கில் ஓட்டிப் பார்; பிறகு யுபிஎஸ்ஸோடு ஓட்டி, வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் யுபிஎஸ்ஸுக்கு மின்சாரம் தரும் சுவர் சுவிட்சை அணைத்துப் பார். முதலதில் ஒழுங்காக ஓடி, இரண்டாவதில் அந்த நொடியே அணைந்தால் குற்றவாளி யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிதான். அதை மட்டும் மாற்றினால் போதும். கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குப் போவது போர்டில் உள்ள காசு போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததால். தேதி தவறாக இருப்பதால்தான் பல இணையதளங்கள் "பாதுகாப்பில்லை" என்று உன்னைத் திருப்பி அனுப்புகின்றன. நீ பயந்ததுபோல வைரஸ் இல்லை. பெட்டியைத் திறந்ததும் திறந்தாய், பிராசஸரின் சூட்டை வெளியேற்ற அதன் மேலுள்ள ஹீட்சிங்க்கைக் கழற்றித் தூசி தட்டி, இடையில் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மூடு.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். உன்னுடையது நான்காம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் வரை கிடைக்கும். அந்த ஓராண்டுக்குள், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் மின்டை நீ பழகிக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையும் டெஸராக்ட் எழுத்துணரியும் அதில் நன்றாகவே ஓடுகின்றன. பேஜ்மேக்கரை மட்டும் அதில் எதிர்பார்க்காதே.

கணக்குக்கு வருகிறேன். நேற்று ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் விசாரித்ததில், நல்ல நிறுவனத்தின் 480 ஜிபி எஸ்எஸ்டி 2,900, ராம் 1,200, பேஸ்டும் சிறு பேட்டரியும் 250 என்று விலை சொன்னார்கள். இத்தோடு 1 டிபி வெளி டிஸ்க் ஒன்றும் 5,000-க்கு வாங்கச் சொல்கிறேன். பதினோரு வயதான ஒரே தட்டை நம்பி அத்தனை ஸ்கேன்களையும் நீ வைத்திருப்பது, கணினி மெதுவாக ஓடுவதைவிட எனக்குப் பெரிய கவலை. கறையான் தின்ற மூலநூல்களை இன்னொரு முறை ஸ்கேன் செய்ய முடியாது என்று நீதானே சொன்னாய்? ஆக 9,350. யுபிஎஸ் பேட்டரியும் தேவைப்பட்டால் இன்னொரு ஆயிரம், உன் பத்தாயிரத்தை 350 ரூபாய் தாண்டுகிறது. அதை விடுதி மெஸ்ஸில் நான் உனக்கு வைத்த பாக்கியில் கழித்துக்கொள். நாற்பது ஆண்டு வட்டி கேட்காதே.

எதையும் வாங்குமுன், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மதர்போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரும் ராம் மேலுள்ள ஒட்டுச்சீட்டும் தெளிவாகத் தெரியும்படி இரண்டு படங்கள் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு நானே வாங்கி, அடுத்த வாரம் உன் ஊருக்கு வரும் என் மைத்துனரிடம் கொடுத்தனுப்புகிறேன். மூடியைத் திறக்கும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிடு. உள்ளே பல்லி முட்டை இருந்தால் திட்டாதே, என் பெட்டியிலும் இருந்தது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்