திருவாதிரை அப்படி வெடிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவாதிரை நட்சத்திரம் ‘ஹைப்பர்நோவா’வாக வெடித்துப் பூமியைப் பொசுக்கிவிடும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றும் செய்தி தவறு. பிள்ளைகள் பயந்துபோய்க் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறோம்.

பெரிய நட்சத்திரம் தன் ஆயுள் முடிவில் வெடிப்பது சூப்பர்நோவா. ஹைப்பர்நோவா, வழக்கமான சூப்பர்நோவாவைவிடப் பத்து மடங்கோ அதற்கும் மேலோ இயக்க ஆற்றல் கொண்டது. 1998 ஏப்ரலில் தெரிந்த எஸ்என் 1998பிடபிள்யூ என்ற ஹைப்பர்நோவாவில் வாயு நொடிக்குச் சுமார் 30,000 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கில், சிதறியது. அந்த வேகத்தில் நிறமாலைக் கோடுகள் (ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் காட்டும் கோடுகள்) அகன்று, ஈரத்தாளில் விழுந்த மைபோல ஒன்றோடொன்று கலந்துவிடும். ஹைட்ரஜன் கோடு அதில் இல்லவே இல்லை. ஹைட்ரஜன் மேற்போர்வையை முன்பே இழந்து, உள்ளே வேகமாகச் சுழலும் நட்சத்திரமே இப்படி வெடிக்கும் என்பது வானியலாளர் விளக்கம்.

திருவாதிரையோ ஹைட்ரஜன் போர்வையோடு ஊதிப் பெருத்திருக்கும் சிவப்பு நட்சத்திரம். 2019 கடைசியில் அது மங்கியதற்கு முக்கியக் காரணம் அதுவே கக்கிய தூசி. என்றோ வெடித்தாலும், சுமார் 500 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து பகலிலும் மின்னுமே தவிர நம்மைச் சுடாது.

பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பதரை மணிக்குப் பினாங்கில் நிமிர்ந்து பாருங்கள்: ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே, செந்நிறமாக நிற்கும்.

வானியல் ஆர்வலர்கள்,
பினாங்கு