எலும்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழடி பற்றி நீங்கள் போட்ட முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். செங்கல் சுவர், உறைகிணறு, பானையில் கீறிய எழுத்து எல்லாம் விரிவாக வந்திருந்தது, சந்தோஷம். விலங்கு எலும்புக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மனிதன் முதலில் வேட்டையாடினான், பிறகு ஆடு மாடு மேய்த்து அலைந்தான், அப்புறம்தான் உழுது ஓரிடத்தில் உட்கார்ந்தான் என்று ஒரு வரிசையும் சொல்லியிருந்தீர்கள். எனக்குப் பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுடையது மூன்று தலைமுறையாகக் கிடை போடும் வீடு, அதாவது எருவுக்காக ராத்திரியில் வயலில் ஆட்டை அடைக்கும் வீடு. அந்தப் பாடம் நடந்த அன்று, பாதி வழியில் நின்றுபோன ஆளைப் பார்ப்பது போலப் பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வரிசையே தப்பு. ஈரானில் ஜாக்ரோஸ் மலைப்பக்கம் கஞ்ச் தாரே என்று ஓர் இடம். வெள்ளாட்டை மனிதன் வளர்த்ததற்கு மிகப் பழைய தடயம் கிடைத்த இடங்களில் அதுவும் ஒன்று, சுமார் 10,000 வருடத்துக்கு முந்தியது. அங்கே இருந்தவர்கள் நாடோடிகள் இல்லை, மண்கல் அறுத்து வீடு கட்டிக் குடியிருந்தவர்கள். காயப்போட்ட ஈரக் கல்லில் ஆடு மிதித்துவிட்டுப் போன குளம்புத் தடம் அப்படியே இருக்கிறது. மேற்காசியாவில் விதைப்பதும் அறுப்பதும் தொடங்கிய பிறகுதான் ஆடு கைக்கு வந்தது. மந்தையோடு ஊர் ஊராகப் போகும் பிழைப்பு அதற்கும் பிந்தியது.

சரி, அது காட்டு ஆடா வீட்டு ஆடா என்று எலும்பைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்? இது எங்கள் தாத்தாவுக்கே தெரிந்த கணக்குதான். கிடாக்குட்டி பிறந்தால் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம், திருப்புவனம் சந்தைக்கு ஓட்டிவிடுவார். பெட்டையைப் பல் விழுகிறவரை வைத்திருப்பார். பொலிக்கு மட்டும் ஒன்றிரண்டு கிடா நிற்கும். கஞ்ச் தாரேயிலும் அதே கதைதான்: இளம் வயதில் அறுபட்டவை கிடாக்கள், வயதாகிச் செத்தவை பெட்டைகள். வேட்டைக்காரனாக இருந்தால் கறி நிறைய இருக்கும் பெரிய கிடாவைத்தானே குறிவைப்பான்? வயது பார்க்க எலும்பை ஆராய்கிறவர்களுக்கும் பல்தான் ஒரு வழி. சந்தையில் யாவாரி ஆட்டின் வாயைப் பிளந்து ரெண்டு பல், நாலு பல் என்கிறாரே, அதே வேலையை அவர்கள் தாடையெலும்பை வைத்துச் செய்கிறார்கள்.

மாட்டுக்கு வேறு கதை. ஆடு மேற்கிலிருந்து வந்த விருந்தாளி. நம் திமில் மாடு இந்தத் துணைக்கண்டத்திலேயே பழக்கப்பட்டது. பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற அகழாய்வு இடத்தில் மேல் அடுக்குகளுக்கு, அதாவது பிந்திய காலத்துக்கு, வர வர மாட்டெலும்பு கூடிக்கொண்டே போகிறது, உருவமும் சிறுத்துக்கொண்டே வருகிறது. மாட்டைப் பழக்கியதற்கு அதுதான் அடையாளம்.

இன்னும் கிட்டத்தில், கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கமும் தெலங்கானாவிலும் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை வாலியைச் சுட்ட சாம்பல் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். உண்மையில் அது மாட்டுச்சாணம் எரிந்த சாம்பல். பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அதைத்தான் சொன்னார். 1957ல் தெலங்கானாவில் உட்னூர் மேட்டை ஆல்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர் தோண்டியபோது பட்டிக்கு ஊன்றிய மரங்களின் குழிகள் வந்தன, மாட்டின் குளம்புத் தடங்களும் வந்தன. மழை பெய்து காய்ந்த மறுநாள் எங்கள் பட்டித் தரையைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அந்தச் சாம்பல் மேட்டு ஆட்கள் மாட்டோடு நிற்கவில்லை, கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியமும் விளைத்திருக்கிறார்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான், அவ்வளவு சாணத்தை ஏன் கொளுத்தினார்கள்? எங்கள் வீட்டில் ஒரு கூடைப் புழுக்கையைக் கொளுத்தியிருந்தால் அப்பா முதுகுத்தோலை உரித்திருப்பார். ஆல்சின் அதைப் பொங்கல், ஹோலி போன்ற பண்டிகைத் தீயோடு ஒப்பிட்டார். அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை.

இப்போது கீழடிக்கு வருவோம். 70 எலும்பு மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பிப் பார்த்ததில் மாடு, எருமை, ஆடு மட்டுமே 53 சதவீதம். மீதியில் கலைமான், நீலமான், காட்டுப்பன்றி, மயில் உண்டு. எழுதத் தெரிந்த, செங்கல் கட்டடம் கட்டிய ஊரைச் சுற்றி அன்றைக்கும் மந்தை நின்றிருக்கிறது. ஆகோள் என்று எழுதிய நடுகல் வைகைக் கரையிலேயே, ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் கிடைத்தது, 2000 வருடத்துக்கு மேல் பழையது. ஆகோள் என்றால் மாட்டு மந்தையைக் கவர்வது. உயிரைக் கொடுத்துச் சண்டை போடும் அளவுக்கு மந்தைக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

இன்றைக்கும் அறுவடை முடிந்ததும் சம்சாரி எங்கள் கீதாரிக்கு, அதாவது கிடைத் தலைவருக்கு, போன் போடுகிறார். தாளடியில் ஆடு மேய்கிறது, ராத்திரி வலைக்குள் கிடக்கிறது, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி. ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம் என்று சொல்வது சும்மாவா? வயல் இல்லாமல் எங்கள் ஆட்டுக்கு மேய்ச்சல் இல்லை, ஆடு இல்லாமல் அந்த வயலுக்கு எரு இல்லை. இதில் எது முந்திய படி, எது பிந்திய படி?

அடுத்த முறை கீழடி பற்றி எழுதும்போது எலும்புக்கு அரைப்பக்கமாவது கொடுங்கள். எழுதுகிறவரை இங்கேயும் ஒரு நடை அனுப்பிவையுங்கள். பங்குனி முடியும்வரை எங்கள் கிடை திருப்புவனத்தைச் சுற்றித்தான் கிடக்கும். பொழுது விழுந்த பிறகு வந்தால் எல்லா ஆட்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நாய் இரண்டு உண்டு, தூரத்திலேயே நின்று குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன்,
திருப்புவனம் வட்டம்