பேசாத நேரத்து முகம்: நடிகர் பசுபதிக்கு ஒரு கடிதம்

பசுபதி அண்ணனுக்கு,

வணக்கம். நான் மண்டபம் பக்கத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் இனி ஜூன் 14 முடிந்துதான் கடலுக்குப் போகும். ஊருக்கு ஓய்வு, எனக்கு வேலை. பகலெல்லாம் எஞ்சினைப் பிரித்து மேய்ந்துவிட்டு, ராத்திரி பட்டறையில் பையன்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பது வழக்கம். போன வாரம், நீங்கள் குத்துச்சண்டை வாத்தியார் ரங்கனாக வரும் 'சார்பட்டா பரம்பரை' ஓடியது. எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. படம் முடிந்ததும், வலை பொத்துகிற தம்பி ஒருவன் கேட்டான்: "வாத்தியார் இதுக்கு முன்னாடி எதுலயாச்சும் நடிச்சிருக்காரா?"

இருபது வயசுப் பையன், அவன் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரங்கன் வாத்தியாரைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 2021-ல் படம் வந்த வாரத்தில் சிஷ்யன் கபிலனும் வாத்தியாரும் சைக்கிளில் போகிற அந்தப் படம் வராத வாட்ஸ்அப் குரூப் எங்கள் பக்கம் கிடையாது. அந்தப் பெயர் உங்களுக்கு நிலைக்கட்டும். என் மனக்குறை வேறு. ஜனங்கள் ரங்கனிடம் ரசிப்பது அந்தக் கம்பீரத்தை, அந்தக் குரலை. நான் பார்ப்பது, சண்டை நடக்கும்போது மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் உங்கள் முகத்தை. அடி வாங்குவது மேலே இருப்பவன், வலி உங்கள் தாடையில் தெரிகிறது. 1976-ல் திமுக ஆட்சியைக் கலைத்த நேரம், போட்டி நடக்கும் இடத்துக்கே போலீஸ் வந்து ரங்கனைக் கொண்டுபோகிறதே, அங்கே உங்களுக்கு வசனத்தால் ஆக வேண்டிய வேலை எவ்வளவு? கொஞ்சம்தான்.

இப்படிப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. எங்கள் கடற்கரையில் இருந்த ஒரு தியேட்டரில் இருபத்தைந்து வருஷம் ஆபரேட்டர். கார்பன் குச்சி எரிந்து வெளிச்சம் தந்த காலத்து ஆள். இரண்டு குச்சிக்கும் நடுவில் இடைவெளி கூடினால் திரை மங்கும், அதனால் கை எப்போதும் அதன் மேலேயே இருக்கும். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் தோல் காய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கும். தேய்ந்துபோன கார்பன் துண்டு ஒன்றை, மேலே செம்புப் பூச்சு உரிந்த நிலையில், மூக்குப்பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தியேட்டர் மூடி, அது கருவாட்டுக் குடோன் ஆன பிறகும் அந்த டப்பா அவர் தலைமாட்டில்தான் இருந்தது.

மாமா சொல்வார்: "மாப்ள, ஒரே படத்த நாளைக்கு மூணு ஆட்டம், முப்பது நாளு ஓட்டுவோம். மொத ரெண்டு நாளு பேசுறவன் மூஞ்சியப் பாப்போம். அதுக்கப்புறம் பேசாதவன் மூஞ்சியத்தான் பாப்போம். அங்க ஏமாத்த முடியாது."

'வெயில்' படத்தை அவரோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். ஒரு மழை நாள். 2006-ல் வந்த படம், தமிழுக்கான தேசிய விருதும் வாங்கியது. அதில் நீங்கள் செய்த முருகேசனும் ஆபரேட்டர்தான். சின்ன வயதில் அப்பாவிடம் அவமானப்பட்டு வீட்டை விட்டு ஓடி, ஒரு தியேட்டரில் அடைக்கலமாகி, அங்கேயே வளர்ந்து, காதலியையும் அந்தத் தியேட்டரையும் பறிகொடுத்துவிட்டு இருபது வருஷம் கழித்து வெறுங்கையோடு ஊர் திரும்புகிறவன். தியேட்டர் போகும் கட்டம் வந்ததும் மாமா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முருகேசன் வீடு வந்து சேர்ந்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இவன் நிக்கிற நிப்பப் பாரு மாப்ள. சொந்த வீட்டுலயே, யாருக்கும் எடஞ்சலா நிக்கிறமோன்னு நிக்கிறான்."

அண்ணே, தியேட்டர் மூடிய பிறகு எங்கள் வீட்டில் மாமா அப்படித்தான் நின்றார். சோறு போட்டால்கூட, கூப்பிடும் வரைக்கும் சுவர் ஓரமாக நிற்பார். நான் அதைப் பல வருஷம் பார்த்தும் எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. உங்கள் உடம்பில் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தப் படத்தில் உங்களுக்கு அப்பாவாக வந்த ஜி.எம். குமார், பதினைந்து வருஷம் கழித்து 'சார்பட்டா'வில் எதிர்ப்பரம்பரை துரைக்கண்ணு வாத்தியாராக உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தம்பிக்கு மறுநாள் ராத்திரி நான் போட்டுக் காட்டியது 'விருமாண்டி'. 2004 பொங்கலுக்கு வந்த படம். ஒரே கதையைச் சிறையில் இருந்து முதலில் கொத்தாளத் தேவர் சொல்வார், அப்புறம் விருமாண்டி சொல்வார். இரண்டிலும் கொத்தாளன் நீங்கள்தான். உங்களுக்கு இதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, நாங்கள் ஆண்கடல் என்போம். மறுபக்கம் பாக் விரிகுடா, அது பெண்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் எகிறும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை பிறந்துவிட்டால் அப்படியே தலைகீழ், பெண்கடலில் போட் கட்டியிருக்க முடியாது. தண்ணீர் ஒன்றுதான், காற்று எந்தப் பக்கம் என்பதுதான் பேச்சு.

கொத்தாளன் அப்படி. அவர் வாயால் கேட்கும்போது ஊருக்கு நியாயம் பேசும் பெரிய மனுஷன். விருமாண்டி சொல்ல ஆரம்பித்ததும் அதே நிதானம், அதே மரியாதைப் பேச்சு, ஆனால் உள்ளே கணக்கு ஓடுவது தெரிகிறது. வேறு ஒருவராக இருந்தால் இரண்டாவது பாதியில் மீசையை முறுக்கி, பல்லைக் கடித்து, 'நான் கெட்டவன்' என்று அறிவித்திருப்பார். நீங்கள் குரலைக்கூட ஏற்றவில்லை. பக்கத்தில் இருந்த தம்பி இடைவேளைக்கு அப்புறம் போனையே எடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா'வில் "குமுதா ஹேப்பி அண்ணாச்சி" என்பதை இன்றைக்கும் எங்கள் பையன்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். சொல்வது விஜய் சேதுபதி. அந்தச் சிரிப்பில் பாதி, அதைக் கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி முகத்தில் இருக்கிறது. அந்த முகத்தை எடுத்துவிட்டால் அது வெறும் வசனம். 'குசேல'னிலும் அதேதான். நண்பனைப் பற்றி மேடையில் ரஜினி பேசப் பேச, கூட்டத்துக்குள் நின்று முடிதிருத்தும் பாலகிருஷ்ணன் கேட்டுக்கொண்டிருப்பார். போஸ்டரில் யார் பெரிதாக இருந்தாலும் சரி, அந்தப் படத்தின் கதை உங்கள் முகத்தில்தான் முடிந்தது.

மனதில் பட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் உங்களைக் கத்தும் வில்லனாகவே நிறையக் கூப்பிட்டார்கள். 'திருப்பாச்சி' பட்டாசு பாலுவைத் திருவிழாக் கூட்டத்தில் நானும் விசில் அடித்துத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு வருஷம் முன்னால் கொத்தாளனைச் செய்த மனுஷரிடம் கேட்க வேண்டியது அதுவா? கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் ந. முத்துசாமி ஐயாவிடம் உடம்பைப் பழக்கி வந்தவரை, தொண்டையை மட்டும் வைத்து வேலை வாங்கினார்கள். அது உங்கள் குறை என்று நான் நினைக்கவில்லை.

இப்போது நல்ல காலம் என்றுதான் தோன்றுகிறது. 'அசுரன்' மாமா, 'தண்டட்டி'யில் இழவு வீட்டில் மாட்டிக்கொண்ட போலீஸ்காரர், 'பைசன்' படத்தில் மகன் கபடிக்குப் போகிறானே என்று உள்ளுக்குள் நடுங்கும் அப்பா. 'பைசன்' எங்களுக்குத் தெற்கே உள்ள கதை. எங்கள் பக்கமும் கபடிக்காகப் பிள்ளைகளிடம் சண்டை போடும் அப்பாக்கள் உண்டு. பட்டறைக்கு வரும் ஒருவர் அந்தப் படம் பார்த்துவிட்டு, மகனுக்கு ஷூ வாங்கிக்கொடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு ஆசை இருக்கிறது, கேட்கலாம் இல்லையா? எங்கள் கரையில் ஒரு படம் செய்யுங்கள். படகு முதலாளி சம்மாட்டியாக வேண்டாம், அந்த மீசையும் அதிகாரமும் உங்களுக்குப் பழக்கப்பட்டது. படகு போய்விட்ட கரையில் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து நின்று, எஞ்சின் சத்தத்தை வைத்தே எது நம்ம போட் என்று சொல்லும் கிழவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பிள்ளை கடலுக்குள்ளே இருப்பான். சத்தம் வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அந்த ஆளை நீங்கள் செய்தால் பார்க்கவேண்டும் எனக்கு.

மாமா 2019-ல் போய்ச் சேர்ந்தார். ரங்கன் வாத்தியாரை அவர் பார்க்கவில்லை. படம் வந்த புதிதில் நான் இரண்டு தடவை பார்த்தேன், ஒன்று அவருக்காக. அவர் சொன்ன மாதிரி முதல் தடவை பேசுகிறவர்களைப் பார்த்தேன், அடுத்த தடவை உங்களை.

தடை முடிய இன்னும் பத்து நாள். இரண்டு எஞ்சின் இன்னும் பிரித்தபடி கிடக்கிறது. அந்தத் தம்பி இன்றைக்கு ராத்திரி 'வெயில்' போடச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து ஒரு மெக்கானிக்