தேடாதவர்களுக்குக் கிடைக்கும் விமானங்கள்

கோஸ்போர்ட், இங்கிலாந்து
மே 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கத்திரி வெயில் கொளுத்துவது, பேத்தி நீட் எழுதிவிட்டு வந்து சரியாகச் சாப்பிடாமல் கிடப்பது, முழங்கால் ஆபரேஷனை நீ மறுபடி தள்ளிப்போட்டது எல்லாம் படித்தேன். அதை மேலும் இழுத்தடிக்காதே. வீட்டுக்குள் நடப்பதற்கே சுவரைப் பிடிக்கிறவன் இன்னும் யாரிடம் யோசனை கேட்க வேண்டும்?

வேலையை விட்டபின் நாளெல்லாம் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் இந்த நாட்டைச் சுற்றிக் கடலில் விழுந்த விமானங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். படகில் ஏறி அல்ல, உட்கார்ந்த இடத்தில், பழைய காகிதங்களில். நீச்சல் தெரியாதவன் செய்யக்கூடிய தேடல் அவ்வளவுதான்.

ஆரம்பித்து வைத்தது பக்கத்து ஊர் சமாச்சாரம். லீ-ஆன்-சோலண்ட் என்கிற கடற்கரையில் போர்க்காலத்தில் கடற்படையின் விமானதளம் இருந்தது. 2018இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே மின்சாரக் கேபிள் போட வந்தவர்கள், கேபிள் போகும் வழியில் வெடிக்காத குண்டு ஏதும் கிடக்கிறதா என்று கடலடியைத் துழாவினார்கள். குண்டுக்குப் பதில் ஒரு விமானம் கிடந்தது. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். பாரகூடா என்கிற, டார்பிடோ வீசும் விமானம். 1943இல் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்திருக்கிறது, விமானி பிழைத்துக்கொண்டார். மறுவருஷம் தொல்லியல்காரர்கள் துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். இந்த ரகத்தில் 2,500க்கு மேல் கட்டினார்களாம், முழுசாக ஒன்றுகூட உலகத்தில் இல்லை. இங்கொரு இறக்கை, அங்கொரு வால் என்று கிடைத்ததை வைத்து யோவில்டன் அருங்காட்சியகத்தில் ஒன்றைத் திரும்ப உருவாக்குகிறார்கள். ஒரு சின்னத் தகவல்: அந்த விமானம் சேர்ந்திருந்த 810ஆம் அணி, அடுத்த வருஷம் இல்லஸ்ட்ரியஸ் என்ற கப்பலில் நம் பக்கம் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து போய் சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. இங்கே கடலில் விழாமல் இருந்திருந்தால் அதுவும் வங்கக்கடலைப் பார்த்திருக்குமோ என்னவோ.

இதைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்தியது. தேடிப் போனவனுக்குக் கிடைப்பதைவிட, வேறு எதையோ தேடிப் போனவனுக்குத்தான் இவை அதிகம் கிடைக்கின்றன. ஏன்?

அதற்காகத்தான் லண்டனில் கியூ என்ற இடத்திலிருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு விமானப்படை அணியும் தினசரிப் பதிவேடு வைத்திருந்தது. டைப் அடித்த தாள்கள். விமானத்தின் எண், ஆட்களின் பெயர்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கிளம்பிய நேரம் 22.35 என்று இருக்கும், திரும்பிய நேரக் கட்டத்தில் ஒரு கோடு. பக்கத்தில், 'கிளம்பியபின் இந்த விமானத்திடமிருந்து தகவல் ஏதும் இல்லை.' முடிந்தது. அடுத்த வரியில் அடுத்த விமானம், அது நல்லபடியாகத் திரும்பி வந்து 'மேகமூட்டம் அதிகம்' என்று புகார் சொல்லியிருக்கும். எங்கே விழுந்தது என்பதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

பறந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் விஷயம். இருட்டில், கடலுக்கு மேலே, வேகத்தையும் நேரத்தையும் காற்றையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் 'இங்கே இருக்கிறோம்' என்று வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். திசையில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் 200 மைல் பறப்பதற்குள் மூன்றரை மைல் விலகிவிடும். காற்றை அவர்கள் தப்பாக மதிப்பிட்டிருந்தால் இன்னும் எவ்வளவோ. எனவே கடைசியாக ரேடியோவில் ஓர் இடத்தைச் சொல்லியிருந்தாலும், அதைச் சுற்றிப் பல நூறு சதுர மைல் தேடவேண்டும்.

விங்கி கதை உனக்குப் பிடிக்கும். 1942 பிப்ரவரியில் நார்வேயிலிருந்து திரும்பிய பியூஃபோர்ட் விமானம் ஒன்று வடகடலில் விழுந்தது. நாலு பேர் ரப்பர் படகில், குளிர் எலும்பைக் கடிக்கிறது. அந்தக் காலத்தில் குண்டுவீச்சு விமானங்களில் புறா கொண்டுபோவார்கள். விழுந்த அதிர்ச்சியில் கூண்டிலிருந்து தப்பிய விங்கி என்ற பெண்புறா, இறகெல்லாம் எண்ணெய் அப்பியபடி 120 மைல் பறந்து ஸ்காட்லாந்தில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. காலில் சீட்டு எதுவும் இல்லை. ஆனால் விமானம் விழுந்த நேரம், புறா வந்த நேரம், அன்றைய காற்று, எண்ணெய் ஒட்டிய இறகு அதன் வேகத்தை எவ்வளவு குறைத்திருக்கும் என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, எங்கே தேடவேண்டும் என்று விமானப்படை முடிவு செய்தது. நாலு பேரையும் மீட்டார்கள். அடுத்த வருஷம் அந்தப் புறாவுக்கு, போரில் உதவிய விலங்குகளுக்குத் தரும் டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். நம் காலேஜ் கணக்கு வாத்தியார் இதைச் சொல்லியிருந்தால் நீயும் நானும் அரியர் வைத்திருக்க மாட்டோம்.

சரி, இடம் ஓரளவு தெரிந்தது என்றே வை. அப்புறமும் கஷ்டம் தீராது. கப்பல் மூழ்கினால் அது பெரிய இரும்புக் குவியல், காந்தமானி வைத்த படகு மேலே போனாலே காட்டிக்கொடுத்துவிடும். விமானம் பெரும்பாலும் அலுமினியம். காந்தமானிக்கு அது கண்ணிலேயே படாது. எஞ்சினிலும் சக்கரக் கால்களிலும் இருக்கும் எஃகுதான் லேசாக முள்ளை அசைக்கும். அதனால் சோனாரைப் படகுக்குப் பின்னால் கட்டி இழுத்து, இரு பக்கமும் ஒலி அனுப்பி, கடலடியின் படத்தை வரைகிறார்கள். மியூசியம் ஒன்றின் கணினியில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தேன். செம்பு நிறம், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, அதுதான் கருவி இழுத்துப்போன வழி. பொருளைவிட அதன் நிழல்தான் முக்கியமாம். ஒலி பட்டுத் திரும்பாத இடம் நிழலாக விழும், அதன் நீளத்தை வைத்துப் பொருளின் உயரத்தைச் சொல்வார்கள். எனக்கென்னவோ எல்லாம் பாறையாகத்தான் தெரிந்தது.

போதாக்குறைக்கு உப்புத்தண்ணீர் அலுமினியத்தைத் தின்கிறது. மீனவர்களின் இழுவை வலை இருப்பதையும் இழுத்துச் சிதறடிக்கிறது. மணலுக்குள் புதைந்திருக்கும் வரை பத்திரம், நீரோட்டம் மணலை விலக்கினால் அரிப்பு ஆரம்பம். வேல்ஸில் ஹார்லெக் கடற்கரையில் 1942 செப்டம்பரில் இறங்கிய அமெரிக்க லைட்னிங் விமானம் ஒன்று மணலுக்குள் போய்விட்டது. 2007இல் மணல் விலகியபோது கடற்கரைக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டது, அப்புறம் மறுபடி மூடிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு, இடத்தை மட்டும் சட்டப்படி பாதுகாத்திருக்கிறார்கள்.

எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டோர்னியர் உதாரணம். கெண்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில், 15 மீட்டர் ஆழத்தில், தலைகீழாகக் கிடந்தது. 1940 ஆகஸ்ட் 26 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானம், அந்த ரகத்தில் மிஞ்சியிருப்பது உலகத்திலேயே அது ஒன்றுதான். வானிலை பல வாரம் இழுத்தடித்து, கடைசியில் 2013 ஜூன் 10 அன்று தூக்கினார்கள். வெளியே வந்து காற்றுப் பட்டதும் உப்பு வேலையைக் காட்டும் என்பதால், நாற்றங்கால் கூடாரம் மாதிரி ஒன்றுக்குள் வைத்து சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை மாதக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். விமானத்தில் நாலு பேர். இரண்டு பேர் கைதிகளானார்கள். மற்ற இரண்டு பேரின் உடல்களைக் கடல் தனித்தனியே கொண்டுபோனது, ஒருவர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார், இன்னொருவர் ஹாலந்தில்.

எடுக்க வேண்டுமா கூடாதா என்று கேட்டால் எனக்கு ஒரே பதில் இல்லை. இங்கே 1986ஆம் வருஷச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானம் எதுவாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. உள்ளே ஆள் இருக்கலாம் என்றால் அனுமதியே பெரும்பாலும் கிடைக்காது. அமெரிக்கர்கள் அப்படியல்ல. தங்கள் ஆட்களைத் தேடுவதற்கென்றே அரசாங்க அமைப்பு வைத்து, எலும்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். முதலில் பிரிட்டிஷ்காரர்களின் வழி எனக்குக் கல்நெஞ்சாகப் பட்டது. இப்போது பாதி மனது அவர்கள் பக்கம் சாய்கிறது. போர் முடிந்து காணாமல் போனவர்களைத் தேடிய விமானப்படைப் பிரிவு, 40,000க்கு மேற்பட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போய் விசாரித்தது. கடைசியில் 9,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நேரே 'கடலில் போனார்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அத்தனையையும் தோண்டி எடுப்பது நடக்கிற காரியமா? ஆனால் அதில் ஒருவன் என் தாத்தாவாக இருந்தால் இப்படிப் பேசுவேனா என்றும் தோன்றுகிறது.

ஏமி ஜான்சன் பெயர் கேள்விப்பட்டிருப்பாய், 1930இல் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஓட்டிப்போன பெண். 1941 ஜனவரியில் விமானப்படைக்கு விமானம் கொண்டுசெல்லும்போது தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தாள். பார்த்துக்கொண்டிருந்த கப்பலிலிருந்து காப்பாற்றக் குதித்த அதிகாரியும் இறந்துபோனார். இத்தனை பேர் கண்ணெதிரே நடந்தும் உடல் கிடைக்கவில்லை. ரன்னிமீட் நினைவிடத்தில், கல்லறை இல்லாத 20,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்களோடு அவள் பெயரும் இருக்கிறது. ஜன்னல் ஓரக் கல்லில்கூடப் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் படிக்க முடியும்.

உனக்கு நேரில் காட்ட நான் வைத்திருப்பது வேறு. வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானம், 1940 கடைசி நாளன்று எஞ்சின் கெட்டு ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கியது. கடல் இல்லைதான், ஆனால் என் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. 1976இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? ஏரியில் இருப்பதாகச் சொல்லும் அந்தப் பூதத்தைத் தேடி சோனாரோடு வந்த அமெரிக்கர்கள்! 1985இல் மேலே தூக்கி, பாட்டரியை இணைத்தபோது வால்விளக்கு எரிந்ததாம். இப்போது அதைக் கட்டிய இடமான புரூக்லாண்ட்ஸிலேயே வைத்திருக்கிறார்கள். மேல்துணி போய்விட்டதால், குறுக்கும் நெடுக்கும் பின்னிய அலுமினியச் சட்டம் அப்படியே தெரிகிறது.

புரூக்லாண்ட்ஸிலிருந்து ரன்னிமீட் பக்கம்தான், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆபரேஷன் முடிந்து ஆறு மாசத்தில் நீ நடக்க ஆரம்பித்துவிடுவாய் என்று வைத்தால், அடுத்த வருஷம் மே சரியாக இருக்கும், அதற்கு முன்னால் இங்கே குளிர் உனக்கு ஒத்துவராது. தேதி முடிவானதும் போன் பண்ணு. சுகந்தி மணத்தக்காளி வற்றல் மட்டும் கேட்கிறாள். போன தடவை மாதிரி பெட்டி முழுக்க ஊறுகாய் அடைத்துக்கொண்டு வராதே.

அன்புடன்,
ராஜாமணி