குச்சிக்கிழங்கு மேல மட்டும் பழியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உடல்நலப் பக்கத்துல குச்சிக்கிழங்குல, அதாவது மரவள்ளிக் கிழங்குல, சயனைடு இருக்கு, தைராய்டு வரும், காலு விழுந்துடும், தொடாதீங்கன்னு நாலே வரில முடிச்சுட்டீங்க சார். இங்க ஆத்தூர், தலைவாசல் பக்கம் எந்தக் காட்டுல பாத்தாலும் குச்சிக்கிழங்குதான், அதப் படிச்சுட்டு அவிச்ச கிழங்க குப்பைல கொட்டினவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. நோய் வரும்னு எழுதுனா அது எப்படி வருதுன்னும் எழுதணும், தப்பிக்கிற வழி அதுல இருந்துதான் தெரியும்.

கிழங்குல சயனைடு தனியா கெடக்கறதில்ல, லினமாரின்ங்கற பொருளுக்குள்ள சர்க்கரையோட சேந்து கட்டுண்டு கெடக்கு. வெட்டும்போதோ மெல்லும்போதோ கிழங்குலயே இருக்கற ஒரு என்சைம் அத ஒடச்சு விட்டுடுது. உடம்புக்குள்ள போன சயனைடு, செல்லு ஆக்சிஜன பயன்படுத்தற கடைசி என்சைமப் புடிச்சு நிறுத்திடும். குச்சிக்கிழங்குச் செடியோட பச்சைத் தழைய மேஞ்ச ஆடு மூச்சு வாங்கி விழும்போது ரத்தம் பளிச்சுனு செவப்பா இருக்கறது இதனாலதான், ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கு ஆனா செல்லால எடுத்துக்க முடியல. அப்ப மாட்டு டாக்டர் ஓடி வந்து தையோசல்பேட் ஊசி போடறாரே, அது குடுக்கறது கந்தகம். ரோடனீஸ்னு ஒரு என்சைம் அந்தக் கந்தகத்த சயனைடோட சேத்து தையோசயனேட்டா மாத்திடும், அது மூத்திரத்துல போயிடும்.

நமக்கும் இதே வேலைதான் நடக்குது, கந்தகம் மட்டும் பருப்பு, முட்டை, மீன், பால்ல இருக்கற புரதத்துல இருந்து வருது. 1981ல ஆப்பிரிக்காவுல மொசாம்பிக் நாட்டுல மழை பொய்ச்சப்ப வேற சாப்பாடே இல்லாம கசப்புக் கிழங்க அரைகுறைப் பக்குவத்துல தின்னு 1,000 பேருக்கு மேல, அதுலயும் நெறைய பொம்பளைங்க, கொழந்தைங்க, திடீர்னு ரெண்டு காலும் வெறச்சுப்போச்சு, அப்புறம் சரியாகவே இல்ல. கொன்சோன்னு அந்த நோய்க்குப் பேரு. அதுல கிழங்கோட சேத்து புரதமில்லாத பட்டினிக்கும் பங்கு இருக்கு, அத நீங்க எழுதவே இல்ல. தைராய்டும் அப்படித்தான், தையோசயனேட் அயோடின் உள்ள போற வழிய மறிக்கும், அயோடின் ஏற்கனவே கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் கழுத்து வீங்கும். அயோடின் உப்பு போட்டு, பருப்பும் முட்டையும் சாப்பிடற வீட்டுல எப்பவாவது கிழங்கு அவிச்சா என்ன பயம்?

இந்தக் கிழங்குல செய்யற ஜவ்வரிசிக்கும் பயப்பட வேண்டாம், சேகோ மில்லுல அரைச்சு தண்ணில அலசும்போதே லினமாரின் கரைஞ்சு ஓடிடும், மாவுதான் அடில தங்கும். வீட்லயும் தோல உரிச்சு சின்னதா நறுக்கி நெறைய தண்ணில வேக வெச்சு அந்தத் தண்ணியக் கொட்டிடணும், கசந்தா திங்கவே கூடாது. அடுத்த வாரம் இத பெரிய எழுத்துல போடுங்க சார், குச்சிக்கிழங்குப் பச்சைத் தழைய ஆட்டுக்குப் போடாதீங்கன்னும் சேத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்