கோலார் தங்கவயல் தொழிலாளர்களின் நினைவுகளையும் ஆவணங்களையும் சென்னையில் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை,
எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது, அவர்கள் குடும்பங்களில் உள்ள ஆவணங்களை நகலெடுத்துத் தனித் தொகுப்பாகப் பாதுகாப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் லைன் வீடு (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) ஒன்றில் பிறந்தவள். தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். அப்பாவும் அதே சுரங்கத்தில் இறங்கினார். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தோம். அப்படி வந்த குடும்பங்கள் பெரம்பூர், அயனாவரம், அம்பத்தூர், ஆவடி பக்கம் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் உயிரோடு இருக்கும் பழைய தொழிலாளர்கள் பேசுவதைப் பதிவு செய்து, அவர்கள் வைத்திருக்கும் தாள்களை நகலெடுத்து, தங்கள் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இதைத் தள்ளிப்போட முடியாது. சுரங்கம் மூடியபோது வேலையில் இருந்தவர்களில் இளையவர்களுக்கே இப்போது ஐம்பது வயது ஆகிறது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொள்வதற்கு முன்பு, அவற்றை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக் காலத்தில் கேஜில் (சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில்) ஏறி இறங்கியவர்களில் அநேகமாக யாரும் மிச்சமில்லை.

தங்கவயலைப் பற்றி எழுதியவை குறைவல்ல. 1802-இல் எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், ஊர்க்காரர்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். 1870-களில் மைக்கேல் லாவெல் என்ற பழைய சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு 1905-இல்தான் வந்தது. இவை எல்லாம் புத்தகங்களில் கிடைக்கும். ஆனால் அதே காலத்தில் மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்து, பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களின் பக்கத்திலிருந்து வந்த பதிவுகள் மிகக் குறைவு.

அவர்களில் பெரும்பாலானோர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். வட ஆற்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து போனவர்கள், அதிலும் நிலமற்ற தலித் குடும்பங்கள்தான் மிகுதி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நொறுங்கிப்போன ஊர்கள் அவை. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் பாதை 1864-லேயே வந்துவிட்டது. ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிட, உயிருக்கு ஆபத்து என்றாலும் மாதச் சம்பளம் மேல் என்று போனார்கள். தாத்தா இதைத்தான் சொல்வார். அவருடைய குரலைப் பதிவு செய்து வைக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தாங்கள் கேட்கக்கூடும். ஒன்று சொல்கிறேன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அவ்வளவு ஆழத்தில் மேல்பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். எங்கள் பக்கம் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அது வெடிக்கும்போது மேலே எங்கள் லைன் வீடுகளும் குலுங்கும், அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருளும். உடனே பெண்கள் அடுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஷாஃப்ட் (சுரங்கக் குழி) வாசலுக்கு ஓடுவார்கள். யார் ஷிஃப்ட், எந்த லெவல், கேஜ் மேலே வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை யாரும் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். பாறை வெடிப்பு பற்றிப் பொறியாளர்கள் எழுதிய அறிக்கைகள் உண்டு. வாசலில் நின்ற பெண்கள் சொல்வதையும் அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும். பதிவுக்குப் போகிறவர்கள் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது நோய். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் பற்றி 1940-களில் தங்கவயலில் பெரிய மருத்துவ ஆய்வு நடந்தது. பரிசோதித்த தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகும் பல வீடுகளில் அதை டி.பி. என்றே சொன்னார்கள். என் தாத்தாவுக்கும் அப்படித்தான் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய எக்ஸ்-ரே படங்களைச் சில குடும்பங்கள் இன்னும் உறையோடு பத்திரமாக வைத்திருக்கின்றன. அவர்கள் சம்மதித்தால் அவற்றுக்கும் நகல் எடுக்கலாம்.

சம்மதம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தங்கம் திருடுவார்கள் என்ற சந்தேகத்திலேயே கம்பெனி எங்கள் மக்களை நடத்தியது. 1897-இல் மைசூர் அரசு அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 1930-இல் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, தொழிலாளர்கள் வேலைக்கு இறங்க மறுத்துப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களைப் பற்றி யார், எதற்காக எழுதி வைக்கிறார்கள் என்பதில் அவ்வளவு உறுதியாக இருந்தவர்கள் அவர்கள். ஆகவே இந்தத் தொகுப்பில் ஒவ்வொருவரின் எழுத்துச் சம்மதமும் இருக்க வேண்டும், மூலத் தாள்கள் குடும்பத்திடமே திரும்பிப் போக வேண்டும், பதிவின் ஒரு பிரதியைப் பேசியவருக்கும் கொடுக்க வேண்டும்.

இது கர்நாடகத்தில் உள்ள ஊர், நமக்கு என்ன வேலை என்று கோப்பில் யாராவது குறிப்பெழுதலாம். அதற்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்துத் தொழிலாளர்கள் வாசகர்களாகவும் ஆதரவாளர்களாகவும் இருந்தார்கள். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கே கிளை இருந்தது. அவர் மறைந்த பிறகு, 1920-களில் அதே இதழைத் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் மறுபடி நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து படித்தவர்களும் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தவர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பண்டிதருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருப்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவருடைய எழுத்தைக் காப்பாற்றிக் கொடுத்த தொழிலாளர்களின் கதைக்கும் சென்னையில் இடம் வேண்டும்.

நீலகிரியில் நடந்ததையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 1879-லிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் பங்கு விற்றார்கள். கம்பெனிகள் வரிசையாக வந்தன, பந்தலூரில் கட்டடங்கள் எழும்பின. பாறையில் எதிர்பார்த்த தங்கம் இல்லை என்று தெரிந்ததும் எல்லாம் சரிந்தது. அந்தக் கம்பெனிகளின் முதலீட்டையும் நஷ்டத்தையும் பற்றி அரசிதழ்களிலும் மாவட்ட விவரச் சுவடியிலும் படிக்கலாம். கூலிக்கு வந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர்களிடமே கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. தங்கவயல் விஷயத்தில் அந்த வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்கு இருக்கிறது.

ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மேடுகள் காற்றடி காலத்தில் எங்கள் வீட்டுக்குள் புழுதியாக வரும். அந்த மேட்டு மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்கம் மூடியதிலிருந்து அங்கே இருப்பவர்கள் விடியுமுன் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். மூடிய பிறகான இந்த வாழ்க்கையையும் தொகுப்பில் சேர்க்க வேண்டும். 2001-ஓடு கதை முடிந்தது என்று நிறுத்திவிட வேண்டாம்.

ஆகவே தாங்கள் முதலில் சென்னையில் உள்ள குடும்பங்களிடமும், பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குத் திரும்பிப் போனவர்களிடமும் பதிவைத் தொடங்க உத்தரவிட வேண்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப். புத்தகம், சங்க நோட்டீஸ், புகைப்படம் போன்றவற்றை நகலெடுக்கக் காப்பகத்தில் மாதம் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வேலைக்குப் போகிறவர்களும் பெற்றோரை அழைத்து வர முடியும். தங்கவயலில் அச்சான தமிழ் இதழ்களையும் நூல்களையும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தோடும் கோட்டூர்புரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடும் சேர்ந்து மின்னாக்கம் செய்யலாம். சுரங்க நிர்வாகத்தின் பணிப் பதிவேடுகளுக்கு நகல் கேட்டு மத்திய சுரங்க அமைச்சகத்துக்கும் கர்நாடக அரசுக்கும் தாங்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். தனி ஆள் எழுதினால் பதில் வருவது கடினம்.

எங்கள் பங்குக்குச் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். பேசத் தயாராக உள்ள பெரியவர்களைத் தேடி, அவர்களிடம் முன்கூட்டியே பேசி, பதிவு நடக்கும் நாளில் கூட்டி வருவதை நானும் எங்கள் பகுதி இளைஞர்களும் பார்த்துக்கொள்கிறோம். நடக்க முடியாதவர்கள் பலர் இருப்பதால் அவர்கள் வீட்டுக்கே பதிவுக் குழுவை அனுப்ப வேண்டும். அப்பாவின் பணிச் சான்று, பித்தளை டோக்கன், லைன் வீட்டு வாடகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். மூலங்களைப் பார்க்க வேண்டுமென்றால் தாங்கள் சொல்லும் நாளில் நேரில் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: சென்னை