மூன்றாம் வசனத்தைத் தாண்டிப் போகாதே

அன்புள்ள ஜெபா,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, தப்புதான். வீட்டில் எல்லாரும் சுகம். டீச்சரக்கா உன்னை விசாரித்தார்கள். அந்தக் குடை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறதாம்!

வாலிபர் வகுப்பில் 1 சாமுவேல் 15 எடுக்கப்போகிறாயாமே, அமலேக்கியரை அடியோடு கொன்றுபோடும்படி சவுல் ராஜாவுக்குத் தேவன் கட்டளையிடும் அதிகாரம். "தேவன் சொன்னார், ஆகவே நல்லது" என்று மட்டும் முடித்துவிடாதேடா. மூன்றாம் வசனத்தை வாய்விட்டு வாசி. ஆண், பெண், பிள்ளை, பால்குடிக்கும் குழந்தை, பிறகு மாடு, ஆடு, ஒட்டகம், கழுதை. குழந்தைக்கும் கழுதைக்கும் ஒரே வரி.

நீ சொல்லவந்த பதிலை 14ஆம் நூற்றாண்டிலேயே ஒக்காம் வில்லியம் என்ற இங்கிலாந்து இறையியலாளர் கடைசிவரை கொண்டுபோய்விட்டார். தேவன் கட்டளையிட்டால் திருட்டும் விபசாரமும்கூடப் புண்ணியமாகும் என்றார். அப்படியானால் "கர்த்தர் நல்லவர்" என்று நாம் பாடுவதற்கு அர்த்தம் ஏது? "கர்த்தர் நினைத்ததைச் செய்வார்" என்பது மட்டுமே மிஞ்சும்.

பையன்களில் ஒருவன் கட்டாயம் "அது பழைய ஏற்பாட்டுக் கடவுள்" என்பான். அது இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோனின் பேச்சு. படைத்த தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று பிரித்த அவரை கி.பி. 144இல் ரோமச் சபை விலக்கியது. அவர் வைத்துக்கொண்டது லூக்காவும் பவுலின் 10 நிருபங்களும்தான், அவற்றிலும் வெட்டு.

எனக்கு 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் வழிதான் சரியென்று படுகிறது. நமக்கு நன்மை வந்து போகிற குணம். தேவனோ நன்மையாகவே இருக்கிறார். கடமை தவறாத பெரிய மனிதர் என்ற அர்த்தத்தில் அல்ல, அவருக்கு மேலே சட்டமில்லை. உடம்பும் ஆரோக்கியம், சாப்பாடும் ஆரோக்கியம் என்கிறோமே, அதுபோல நம் நன்மைக்கும் அவர் நன்மைக்கும் அர்த்தம் ஒன்றல்ல, உறவு உண்டு.

ஆனால் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் இடத்தில் அக்வினாஸும் சறுக்குகிறார். உயிருக்கு எஜமான் தேவனே, அவர் கட்டளைப்படி கொல்வது அநீதியல்ல என்கிறார். என் மனம் ஒப்பவில்லை. தேவன் உயிரை எடுத்துக்கொள்வது வேறு. ஒருவன் கையில் பட்டயம் கொடுத்துத் தொட்டிலண்டை அனுப்புவது வேறு. அந்தக் கைக்கு அதற்கப்புறம் என்ன ஆகும்?

யோசுவாவின் போர்களை ஆதிச் சபைப் போதகர் ஒரிகன் ஆத்துமாவுக்குள் நடக்கும் போராக வாசித்தார். அதைச் சொல்லு, ஆனால் கேள்வி கேட்கிறவன் வாயை அடைக்கச் சொல்லாதே. கூடவே ஆதியாகமம் 18ஐயும் எடு. சோதோமுக்காக ஆபிரகாம் 50 பேரில் தொடங்கி 10 வரை இறங்குகிறான். நியாயாதிபதியே நீதி செய்யாமல் இருக்கலாமா என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். தேவன் கோபிக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறார்.

வகுப்பில் என்ன கேட்டார்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
தாசு